காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
டானிங்டன் வளைவில் பத்து மணிக்குக் கூடினோம்.
ஆட்கள் ஆறு, நாய்கள் நான்கு.
என்னிடம் நாய் இல்லை.
அதனால் எண்ணுகிற வேலை எனக்கு.
ஐந்தரைக்குள் இதே கணக்கில் திரும்ப வேண்டும்;
அதற்கு மேல் எண்ணுவது சிறுத்தை.

போஜனின் லாப்ரடார்
நடப்பதை நமக்குச் செய்யும் உபகாரமாகச் செய்கிறது.
பெனிட்டா சிஸ்டரின் பொமரேனியனுக்கு
ஆஸ்பத்திரிக் கம்பளியில் வெட்டிய ஸ்வெட்டர்.
குமரகுருவின் சிப்பிப்பாறைக்குக் குளிர் ஆகாது.
மேலூரிலிருந்து மாற்றலாகி வந்த அவருக்கும் ஆகாது.
இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நடுங்குகிறார்கள்.

தங்கரத்தினம் ஃபேக்டரியில் இலை நிறுக்கிறவர்.
தன் செவலைக்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார்.
எஸ்டேட் பங்களாவைத் தாண்டும்போது மட்டும்
குரல் உயரும்:
"துரை, வாய மூடு.
துரை, அத நக்காத."

பெள்ளியம்மா கடையில் முதல் நிறுத்தம்.
மிளகாய் பஜ்ஜி, ஆவி பறக்கும் டீ.
சுலைகா டீச்சர் மட்டும்
தன் ஃபிளாஸ்கிலிருந்து தன் டீயைக் குடித்தார்.
புறப்பட்டபோது பெஞ்சுக்கு அடியிலிருந்து
காது கிழிந்த ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது.
யாரும் கூப்பிடவில்லை.
ஆறு, ஐந்து.

டாஸ்மாக் கீழ் வளைவில்.
நாய்க்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கவில்லை.
எங்களுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கவில்லை.
ஆனாலும் டீச்சரும் நானும் வெளியே நின்றோம்,
நான்கு கயிறுகளைப் பிடித்துக்கொண்டு,
கயிறில்லாத ஒன்றோடு.
பெனிட்டா சிஸ்டர் நேராக உள்ளே போனார்.
"தள்ளுப்பா" என்றார்,
ஊசி போட வந்த அதே குரலில்.
வரிசை சட்டையைச் சுருட்டாத குறையாக விலகியது.

நான்கு பீர்.
பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல்,
காலியைக் கொண்டுவந்தால் திரும்பக் கிடைக்கும்.
பாறையில் உட்கார்ந்து குடித்தார்கள்.
பாலமேட்டில் ஒரு காளையின் திமிலை
மூன்று துள்ளலுக்கு விடாமல் பிடித்த கதையைக்
குமரகுரு சொன்னார்.
பாட்டில் இறங்க இறங்கக் காளை வளர்ந்தது.

பனி இறங்கி
சில்வர் ஓக்குகளை இடுப்புவரை அழித்துக்கொண்டிருந்தது
திரும்பும்போது.
தேயிலைக்கு நடுவே ஒரு காட்டுமாடு,
வெள்ளைக் காலுறையோடு.
பையில் காலி பாட்டில்கள் ஒருமுறை உரசி
அடங்கின.
லாப்ரடார் படுத்துவிட்டது.
துரை எஜமானின் கால்களுக்கு நடுவே.
குமரகுரு சிஸ்டருக்குப் பின்னால்.
கிழிந்த காது மட்டும் ரோட்டில் உட்கார்ந்து
பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது,
அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்ததைப்போல.
மாடு அசை போட்டது.
எங்களைப் பார்த்தது. போதும் என்று பட்டிருக்க வேண்டும்,
சரிவில் இறங்கிப் போனது.
வெகுநேரம் யாரும் பாலமேட்டைப் பற்றிப் பேசவில்லை.

நான்கு காலி, நாற்பது ரூபாய்.
அடுத்த மாதக் கணக்கில் வைப்போம் என்றார் போஜன்.
தங்கரத்தினம் அதற்குள்
பெள்ளியம்மாவிடம் நீட்டிவிட்டார்:
"எல்லாத்துக்கும் வர்க்கி குடு. அதுக்கு."
அது நின்றபடியே தின்றது,
தூளையும் விடாமல்.
பிறகு பெஞ்சுக்கு அடியில் போய்
வட்டமடித்துச் சுருண்டது.

மணி ஐந்தே கால்.
பெள்ளியம்மா பலகைகளை அடைக்கத் தொடங்கினாள்.
"ராத்திரி இது எங்க போகும்?"
"நான் கண்டேனா?
காலையில வந்தா இங்கதான் கிடக்கும்.
இன்னிவரைக்கும் கிடந்திருக்கு."

டானிங்டனில் விளக்கு போட்டிருந்தார்கள்.
எண்ணினேன்.
ஆறு, நான்கு.
கணக்கு சரியாக இருந்தது.
மறுபடியும் எண்ணினேன்.